ஒற்றைக்காதனுக்கு ஒரு சாட்சி

ஒரு கரடியை ஆயுள் சிறையிலிருந்து காப்பாற்றியவள் இந்த உலகத்திலேயே தன் அண்ணி ஒருத்திதான், அதுவும் மடக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், வக்கீல் வைக்காமல், கையில் இருந்த டீ ஆறுவதற்குள், என்று தந்தி சொன்னால் யாரும் நம்புவதில்லை. சிரிப்பார்கள். கரடி பீஸ் கொடுத்ததா என்று கேட்பார்கள். தந்தி கொஞ்சமும் அசரமாட்டாள். "எங்க அண்ணனைக் கேளுங்க" என்பாள். அதோடு சிரிப்பு நின்றுவிடும். அவளுடைய அண்ணன் எதை நம்பக்கூடியவர் என்பது சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரியும். எதையும் நம்பக்கூடியவர் இல்லை.

தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான் என்றாலும் தந்தி என்ற பேர் அங்கே வைத்ததில்லை. அவள் காதில் விழுந்த சேதி அவள் வாயை எட்டும் முன்பே அடுத்த ஊரை எட்டிவிடும், அதனால் வந்த பேர். அண்ணன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈட்டுப் பிரிவில் இருந்தவர். வீடு எரிந்துவிட்டது என்று ஒருவர் அழுதுகொண்டே வந்தால் சாம்பலை முகர்ந்து பார்த்துவிட்டு "அதெப்படி?" என்று கேட்பார். வீட்டிலும் அதே கேள்விதான். பால் பொங்கினாலும் அதெப்படி, மழை பெய்தாலும் அதெப்படி. ஊரே அவரை அதெப்படியார் என்றுதான் கூப்பிட்டது. அண்ணியோ பெண்கள் விடுதிக்குக் காப்பாளராக இருந்து தலை நரைத்தவள். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்தாலே போதும், எதிரே நிற்கும் பெண் செய்த தப்போடு அடுத்த அறைக்காரி செய்யப்போகிற தப்பையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுவாள்.

இந்த மூவரும் அந்த வருஷம் தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். காடு என்றால் சாதாரணக் காடா? தந்தியின் கணக்குப்படி அங்கே தும்மினால் மறுநாள்தான் எதிரொலி வரும். மரங்களுக்கு நடுவே ஆறேழு குடும்பம் தங்குகிற அளவுக்கு ஒரு திறந்த வெளி, பக்கத்தில் ஓடை. ஒவ்வொரு கூடாரத்துக்கும் பக்கத்தில் தரையோடு பதித்த ஓர் இரும்புப் பெட்டி. சாப்பாட்டுச் சாமான் முழுக்க அதற்குள்தான் இருக்கவேண்டும். வந்த அன்றே வனக்காவலர் அம்மா தந்தியைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார்.

"சோப்பை யாருங்க வெளிய வச்சது? பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், வாசனையா எது இருந்தாலும் பெட்டிக்குள்ள போகணும். கரடிக்கு மல்லிகை சோப்பும் ஒண்ணுதான், மாம்பழமும் ஒண்ணுதான். முதல்ல அதைத்தான் கடிக்கும்."

அந்தக் காட்டுக் கரடிக்கு ஒற்றைக்காதன் என்று பேர். ஏதோ பழைய சண்டையில் ஒரு காதைப் பறிகொடுத்த கிழவன். தினமும் ஓடைக்கரையோடு நடந்து போவான், திரும்புவான், மனிதர்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். வனக்காவலர் அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது அவன் குட்டியாம். அவனைப் பற்றிப் பேசும்போது அந்தம்மாவின் குரலில் ஒரு சொந்த அத்தையின் பாசம் தெரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் பக்கத்துக் கூடாரத்துக்கு ஆள் வந்தது. மரக்கடைக்காரர் ஒருவர், அவருடைய மகள், மாப்பிள்ளை. மரக்கடைக்காரர் மெதுவாகப் பேசினாலே கிளையிலிருந்து பறவை பறக்கும். மாப்பிள்ளை உச்சி முதல் பாதம் வரை புதுச் சாமான். புதுத் தொப்பி, புது பூட்ஸ், இடுப்பில் புதுக் கத்தி. தான் ஏறாத மலை இல்லை, படுக்காத காடு இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார் போல. "பாக்கலாம், பாக்கலாம்" என்று மாமனார் சொன்ன தொனியில், இந்த ஆளை நம்பி ஒரு தீப்பெட்டியைக்கூடக் கொடுக்கமுடியாது என்பது இருந்தது.

தந்தி எதையும் விடுபவள் இல்லை. மாப்பிள்ளை காரின் பின்கதவைத் திறந்து, கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவர் மாதிரி தலையை உள்ளே விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றதைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "சாப்பாட்டுப் பையைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். யாரும் தொடாதீங்க, காட்டு ரூல்ஸ்! வழியிலேயே நல்லா சாப்பிட்டாச்சு, இன்னிக்கு சமையல் வேண்டாம்" என்று அறிவித்ததையும் கேட்டாள். அண்ணியிடம் ஒப்பித்தாள். அண்ணி "உம்" என்றாள்.

மறுநாள் காலை. அண்ணிக்கு முழங்கால் வலி, அதனால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். அதெப்படியார் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே தரையெல்லாம் தூள் சிந்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்க. இந்தக் காட்டு எறும்பு மொத்தமும் நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வந்தாச்சு" என்றாள் அண்ணி. உண்மைதான். சிந்தின தூள் தரையைத் தொட்டதோ இல்லையோ, கறுப்பு எறும்புகள் சாரை சாரையாக வந்து, ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, திருவிழாக் கூட்டம் கலைகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன.

அப்போது எழுந்தது ஒரு கர்ஜனை. கரடி என்று நினைத்துத் தந்தி நாற்காலி மேல் ஏறிவிட்டாள். கரடி இல்லை, மரக்கடைக்காரர்.

"ஐயோ, எல்லாம் போச்சே! சர்க்கரை போச்சு, ஜாம் போச்சு, தேன் போச்சு, ரொட்டி, பிஸ்கட் ஒண்ணு மிச்சமில்லை! கரடி வந்து மொத்தத்தையும் முழுங்கிட்டுப் போயிடுச்சு!"

வனக்காவலர் அம்மா ஓடி வந்தார். கொஞ்ச நேரம் அங்கே நின்று பார்த்தார். திரும்பி அண்ணியின் நாற்காலிப் பக்கம் வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"ரூல் அப்படிங்க. மனுஷங்க கூடாரத்தைக் கிழிச்சுச் சாப்பாட்டை ருசி பாத்த கரடி திரும்பத் திரும்ப வரும். ஆளையும் அடிக்கும். அதனால பிடிச்சுக் கூண்டுல போட்டு மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிடணும். வயசான கரடி, கூண்டுக்குள்ள ரொம்ப நாள் தாங்காது. லாரிக்குச் சொல்லியாச்சு, கிளம்பிட்டாங்க. ஓடைக்கரை சேத்துல இருக்கிறது ஒத்தக்காதனோட தடம்தான், எனக்குத் தெரியும். நான் என்ன பண்றதுங்க?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். எங்க அண்ணி பாத்துப்பாங்க" என்றாள் தந்தி. "நாற்காலியை விட்டு எந்திரிக்காம, இந்த டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடுவாங்க."

"அதெப்படி?" என்றார் அதெப்படியார். "தடம் இருக்கு, கிழிசல் இருக்கு, சாமான் காணோம். இதைவிடத் தெளிவான கேஸை என் சர்வீஸ்லயே நான் பாத்ததில்லை. கரடிதான்."

அண்ணி ஒரு வாய் டீ குடித்தாள். "தந்தி, என் கால் ரெண்டும் இன்னிக்கு நீதான். போய்ப் பாத்துட்டு வா. என்ன நடந்துச்சுன்னு மாப்பிள்ளை சொல்றாரோ அதை அப்படியே சொல்லணும். கூட ஒரு வார்த்தை சேக்கக்கூடாது."

இந்தக் கடைசி நிபந்தனை தந்திக்குச் சோறில்லாமல் இருப்பதைவிடக் கஷ்டம். ஆனாலும் போனாள். அவள் போன வேகத்தில் கொடியில் காய்ந்த துணிகள் கூடவே கொஞ்ச தூரம் பறந்தன. திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, மாப்பிள்ளை விடிஞ்சதும் எந்திரிச்சாராம். இரும்புப் பெட்டியைத் திறந்து சாப்பாட்டுப் பையை எடுத்துச் சமையலுக்குப் போட்ட சின்னக் கூடாரத்துல வச்சாராம். பாத்திரத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போயிருக்கார். திரும்பி வந்தா கரடி உள்ள புகுந்து சர்க்கரையைக் கொட்டி, ஜாமைக் கொட்டி, தின்னுட்டு, பையையும் கவ்விக்கிட்டுப் போயிடுச்சாம். முதுகை மட்டும் பாத்தாராம்."

"கூடாரம் எப்படிக் கிழிஞ்சிருக்கு?"

"நகத்தால கீறின மாதிரி, மேலேர்ந்து கீழ. பக்கத்துல பக்கத்துல நாலு கீறல்."

"நாலா? ஓடைக்கரைத் தடத்துல எத்தனை நகம்னு எண்ணிட்டு வா."

தந்தி மறுபடி பறந்தாள். விரல்களை விரித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திரும்பினாள், வழியில் எண்ணிக்கை சிந்திவிடக்கூடாதே. "அஞ்சு! எல்லாப் பாதத்துலயும் அஞ்சு! அதோட அண்ணி, தடம் கரையோட நேரா வந்து நேரா போகுது. கூடாரத்துப் பக்கம் ஒரு எட்டுகூடத் திரும்பலை."

"புல்லுல தடம் விழாது" என்றார் அதெப்படியார். "கீறும்போது ஒரு விரலை மடக்கி வச்சிருக்கும்."

"கரடி என்ன கணக்குப் பாடமா போடுது, விரலை மடக்க?" என்றாள் தந்தி.

"ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. கூடாரத்துக்குப் பக்கத்துல வேற என்ன இருக்கு?"

"ஒரு மேஜை. அதுமேல துண்டு, பல் தேய்க்கிற பிரஷ், பற்பசை, ரோஜா வாசனை சோப்பு. எனக்கு மட்டும் திட்டு, அவங்களை யாரும் திட்டலை பாருங்க!"

"சோப்புல பல்லுப் பட்டிருக்கா?"

"புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு."

"வயிறு நிறைஞ்சிருக்கும்" என்றார் அதெப்படியார். ஆனால் பிஸ்கட் கடிப்பதை நிறுத்தியிருந்தார்.

"அந்த இரும்புப் பெட்டியைத் திறந்து பாத்தியா?"

பார்க்கவில்லை. மூன்றாம் தடவை. இந்தமுறை தந்தி போனது யாருக்கும் தெரியவில்லை, வந்ததுதான் தெரிந்தது. "வாயை அடைச்சுக்கிட்டு சிலந்தி வலை அண்ணி! இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும்."

"அதெப்படி அது சாட்சி ஆகும்? சிலந்தி ஒரு ராத்திரியில கட்டிடும்" என்றார் அதெப்படியார்.

"ராத்திரி கட்டியிருந்தா, காலையில பையை எடுத்த கை அதை அறுத்திருக்கணுமே" என்றாள் அண்ணி. "தந்தி, வலையில பூச்சி ஏதாவது?"

"ஒரு ஈ. காஞ்சு சருகா இருக்கு."

அதெப்படியார் கடிக்காத பிஸ்கட்டைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தார். அவர் இன்ஷூரன்ஸில் சேர்ந்த நாளிலிருந்து 'அதெப்படி' கேட்காமல் ஒரு சாட்சியை விட்டதே இல்லை என்று தந்தி இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

"கடைசியா ஒண்ணு" என்றாள் அண்ணி. "அந்தச் சமையல் கூடாரத்துக்குள்ள தரையைப் பாத்தியே, எறும்பு வந்திருக்கா?"

தந்தி யோசித்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். "ஒரு எறும்புகூட இல்லை அண்ணி."

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையில் துடைக்க ஆரம்பித்தாள். "எல்லாரையும் கூப்பிடு."

கூப்பிடுவது தந்தியின் பிறவிப் பலன். அடுத்த மலையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டாள். மரக்கடைக்காரர் வந்தார், மகள் வந்தாள், மாப்பிள்ளை தொப்பியைக் கையில் கசக்கியபடி பின்னால் வந்தார். வனக்காவலர் அம்மா வந்தார். அதே சமயம் மண்பாதையில் தூசியைக் கிளப்பிக்கொண்டு லாரியும் வந்துவிட்டது. பின்னால் ஆள் உயரக் கூண்டு. மயக்க ஊசித் துப்பாக்கியோடு ஒருவர் குதித்து இறங்கி, "கரடி எங்கேங்க?" என்றார், ஏதோ மூட்டை எங்கே என்பது மாதிரி.

"கொஞ்சம் இருங்க, தம்பி. எனக்கு இன்னும் டீ மிச்சம் இருக்கு" என்றாள் அண்ணி.

பிறகு பேசினாள். குரலை உயர்த்தவில்லை. விடுதியில் சாப்பாட்டு அறையில் பேசுகிற அதே குரல்.

"இந்த நாற்காலிக்குக் கீழ பாருங்க. எங்க வீட்டுக்காரர் சிந்தின பிஸ்கட் தூள். அதுக்கே எறும்பு ஊர்வலம் போகுது. அம்பதடி தள்ளி ஒரு கூடாரத்துல சர்க்கரை கொட்டியிருக்கு, ஜாம் கொட்டியிருக்குன்னு சொல்றாங்க. அங்க ஒரு எறும்பு இல்லை. கரடி தின்னா, துடைச்சுப் பெருக்கிட்டுப் போகாது. அது தின்ன இடம் கல்யாண வீட்டு எச்சில் இலை மாதிரி கிடக்கும். அப்போ அங்க சர்க்கரை கொட்டவே இல்லை."

"அப்போ திருடனா?" என்றார் மரக்கடைக்காரர், மீசையை முறுக்கிக்கொண்டு.

"திருடன் எடுத்துட்டுப் போகணும்னா முதல்ல சாமான் இருக்கணும். காலையில பெட்டியைத் திறந்து பை எடுத்ததாச் சொல்றாங்க. பெட்டி வாயில பழைய சிலந்தி வலை அறுபடாம இருக்கு. காலையிலயும் யாரும் எடுக்கலை, நேத்து சாயங்காலமும் யாரும் வைக்கலை. கரடி கிழிச்சா அஞ்சு கீறல் விழும். இங்க நாலு. முள்கரண்டிக்குத்தான் நாலு பல்லு. காடு தெரிஞ்ச ஆளா இருந்தா சோப்பையும் பற்பசையையும் முதல்ல ஒளிச்சு வச்சிருப்பார், கரடி அதைத்தான் முதல்ல கடிக்கும்னு தெரிஞ்சிருக்கும். இவருக்குக் கரடின்னா தேன் மட்டும்தான் திங்கும்னு நினைப்பு, பாவம்."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் கார் பின்கதவைத் திறந்துட்டு அவ்வளவு நேரம் எதைத் தேடினீங்க தம்பி? அந்தச் சாப்பாட்டுப் பை இப்போ எங்க இருக்கு, நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா? நான் சொன்னா அது கண்டுபிடிப்பு. நீங்க சொன்னா அது ஆம்பளைத்தனம். அதோ அந்தக் கூண்டை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க."

மாப்பிள்ளை கூண்டைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். எது பயங்கரம் என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை.

"வீட்டுல இருக்குங்க" என்றார். "சமையலறை வாசல்லயே வச்சுட்டு வந்துட்டேன். மாமா எதிர்ல எப்படிச் சொல்றது? ஏற்கெனவே என்னை ஒண்ணுக்கும் லாயக்கில்லைன்னு... கரடி தின்னுச்சுன்னா எல்லாரும் சிரிச்சுட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். கூண்டு வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. லாரிக்குச் சொன்னதும் வாய் ஒட்டிக்கிச்சு."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மரக்கடைக்காரர் முகம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது, பிறகு வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எல்லோருக்கும் சிறிது நேரம் ஆனது.

"ஏன் மாப்பிள்ளை, என்கிட்ட திட்டு வாங்குறதைவிடக் கரடியை ஜெயிலுக்கு அனுப்புறது சுலபம்னு தோணுச்சா? நான் அவ்வளவு கெட்டவனா? நான் கல்யாணமான புதுசுல மாமனார் வீட்டுக்குப் போறப்போ, வழியில பெட்ரோல் பங்க்ல பொண்டாட்டியையே விட்டுட்டுப் போயிட்டேன் தெரியுமா? நீ பைதானே விட்டே!"

எல்லோரும் சிரித்தார்கள். வனக்காவலர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாக்கி-டாக்கியை வாயருகே வைத்து நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து மேலதிகாரியின் குரல் கரகரவென்று கேட்டது.

"யாரு கண்டுபிடிச்சது? நாற்காலியில உக்காந்துகிட்டா? எறும்பைப் பாத்தா? என்னம்மா விளையாடுறே? அந்தக் கரடிமேல உனக்குப் பாசம்னு எனக்குத் தெரியாதா? இட்டுக்கட்டின கதையை வச்சு நான் உத்தரவை மாத்த முடியாது. கரடி கண்ணுல பட்டா பிடிச்சுடுங்க."

"சார், அவரே ஒத்துக்கிட்டார் சார்."

"கரடி பாவம்னு யாராவது பழியை ஏத்துக்குவாங்க. உன் பக்கமும் இல்லாம, கரடி பக்கமும் இல்லாம, நம்பகமான ஆள் யாராவது இருந்தா பேசச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து ஓடைக்கு அக்கரையில் புதர் விலகியது. ஒற்றைக்காதன். தன் பேரில் ஒரு வழக்கு நடப்பது தெரியாமல், மார்க்கெட்டுக்குப் போகிற பெரிய மனுஷன் மாதிரி வந்துகொண்டிருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் நின்றான். பின்னங்கால்களில் எழுந்து, மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தான். தந்தியின் கணக்குப்படி அவன் தலை மர உச்சியைத் தொட்டது. துப்பாக்கிக்காரர் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டு வனக்காவலர் அம்மாவைப் பார்த்தார்.

வனக்காவலர் அம்மா சுற்றிலும் பார்த்தார். கர்ஜனை செய்த மரக்கடைக்காரர், மகள், மாப்பிள்ளை, தந்தி, அண்ணி. எல்லோரும் ஏதோ ஒரு பக்கம். மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். வாக்கி-டாக்கியை அதெப்படியார் கையில் கொடுத்தார்.

"இவர் இன்ஷூரன்ஸ்ல நஷ்டஈட்டுப் பிரிவுல இருந்தவர் சார். காலையிலேர்ந்து கரடிதான் குற்றவாளின்னு சொல்லிக்கிட்டு இருக்கார்."

"அப்படியா?" குரல் சட்டென்று மரியாதைக்கு மாறியது. "சொல்லுங்க சார். அந்தம்மா சொன்னதெல்லாம் உண்மையா நடந்துச்சா?"

அதெப்படியார் தொண்டையைக் கனைத்தார். அண்ணி டீயைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அக்கரையில் கரடி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"அதெப்படி..." என்று ஆரம்பித்தார்.

தந்தி அண்ணியின் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வனக்காவலர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். துப்பாக்கிக்காரரின் விரல் அசைந்தது.

"அதெப்படி நடந்துச்சுன்னு என்னைக் கேக்காதீங்க சார்" என்றார் அதெப்படியார். "எனக்கு விளங்கலை. நான் போட்ட தடங்கல் எல்லாத்தையும் தாண்டிட்டா. உக்காந்த இடத்தை விட்டு நகரலை. கரடி ஒரு பருக்கை தொடலை."

"அப்போ நடந்ததுதானா?" என்றது வாக்கி-டாக்கிக் குரல்.

துப்பாக்கி தோளிலிருந்து மெல்ல இறங்கியது. ஒற்றைக்காதன் முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, யாரையும் பொருட்படுத்தாமல் தன் வழியே நடக்கத் தொடங்கினான். அதெப்படியார் மனைவியைப் பார்த்தார், பிறகு வாக்கி-டாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நடந்துச்சு சார். என் கண்ணால பாத்தேன்."